துளைகளை அடைப்பது பற்றி

இடிபாடுகளைப் பார்க்கத் தெரியாதவர்கள் நாம். ஒன்று இடிந்திருந்தால் அதைப் புதுப்பித்துப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அதன் பழம்பெருமையை மேடையில் பேசவேண்டும். இடிந்ததை இடிந்ததாகவே வைத்துப் பார்ப்பது என்ற காரியம் நமது ரஸனையில் இடம்பெற்றதில்லை. இப்போது மூன்றாவதாக ஒரு வழி வந்திருக்கிறது. கணினிக்குள் கட்டிவிடலாம். சிமெண்ட் செலவுகூடக் கிடையாது.

மந்தைவெளியில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஓர் இளைஞன் இருக்கிறான். கணினி விளையாட்டுகள் செய்யும் கம்பெனியில் வேலை. ஒருநாள் நான் பாங்கிலிருந்து திரும்பியதும் மேலே கூப்பிட்டு, தன் சொந்த நேரத்தில் செய்துகொண்டிருந்த ஒன்றைக் காட்டினான். சாளுவன்குப்பம் முருகன் கோயில். மாமல்லபுரத்துக்கு வடக்கே, புலிக்குகைக்கு அருகில், கடலோரத்தில் இருப்பது. 2004 டிசம்பர் சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதில் கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட, 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. பல்லவர் காலக் கோயிலின் கருங்கல் அடித்தளம் கிடைத்தது. அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் ஒன்று கிடைத்தது. அது சங்க காலத்தது என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. ஊரின் பழம்பெயர் திருவிழ்ச்சில் என்று கல்வெட்டு சொல்கிறது. வடக்குப் பார்த்த சன்னதி. முன்னால் கல்லில் ஒரு வேல். மேலே ஆகாயம்தான்.

பையன் செய்ததில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் சங்கடம் எல்லாம் ஆரம்பமாகிறது. முதலாவது ஃபோட்டோகிராமெட்ரி. ஒரே பொருளைச் சுற்றிச்சுற்றி, ஒன்றின் விளிம்பு அடுத்ததில் விழும்படி, நூற்றுக்கணக்கில் படங்கள் எடுக்கிறான். ஒரு செங்கல்லின் உடைந்த மூலை பல படங்களில் சற்றே இடம்மாறித் தெரிகிறது. அந்த இடமாற்றத்திலிருந்து காமிரா எங்கே நின்றது, மூலை எவ்வளவு தள்ளி இருந்தது என்று கணினி கணக்குப் போடுகிறது. இப்படிக் கிடைக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளை இணைத்தால் செங்கல் வரிசை அப்படியே எழுந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு நாள் வாய்க்காத என் போன்றவனுக்கு இது சின்ன விஷயமில்லை. உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருக்கும் ஒரு இடத்தின் இன்றைய நிலைக்கு இது சாட்சியம். காமிரா போகாத இடத்தில் உருவத்தில் துளை விழுகிறது. அந்தத் துளையும் சாட்சியம்தான். இதை நான் பார்க்கவில்லை என்று அது நேர்மையாகச் சொல்கிறது.

ஆனால் அந்த மென்பொருளிலேயே ‘க்ளோஸ் ஹோல்ஸ்’ என்று ஒரு கட்டளையும் இருக்கிறது. அதை அழுத்தினால் துளைகள் பக்கத்துப் பரப்பின் சாயலில் அடைபட்டுவிடும்.

இரண்டாவது காரியம் கேம் எஞ்ஜின். பையன் உபயோகிப்பதன் பெயர் அன்ரியல். அளந்த அடித்தளத்தை அதற்குள் கொண்டுபோய் வைத்து, மேலே விமானம் எழுப்பியிருந்தான். கடற்கரைக் கோயிலின் சாயலில், எட்டாம் நூற்றாண்டுக் கல் விமானத்தைச் செங்கல்லுக்கு மாற்றியது. மாலை வெயில், தீபம், மணியோசை, பின்னால் அலை. நடந்து சுற்றிவந்தேன். நன்றாகத்தான் இருந்தது. எது அளந்தது, எது அவன் ஊகித்தது என்று கேட்டேன். சிரித்தான். “வெறும் அஸ்திவாரத்தை யார் சார் பார்ப்பாங்க?”

இரண்டு வாரம் கழித்து நேரில் போனேன். முன்பு ஒருமுறை போனபோது அந்த வெற்றுச் செங்கல் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். என்னதான் இருந்திருக்கும் என்று மனம் துழாவியது அப்போது. இந்தத் தடவை துழாவவில்லை. பையனின் விமானம் வந்து செங்கல்மேல் உட்கார்ந்துகொண்டது. அதைத் தள்ளிவிட்டுப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. எனக்கு நஷ்டம் இதுதான். விமானம் தப்பானது என்பதல்ல என் புகார். ஒருவேளை சரியாகவே இருக்கலாம். கல்லில் சாட்சியில்லாத ஒன்று சாட்சியுள்ளதன் பக்கத்திலேயே, அதே வெயிலில், அதே கரடுமுரடோடு நிற்கிறது என்பதே என் புகார்.

இந்த இடத்தில் உ.வே.சா.வை நினைத்துக்கொள்கிறேன். பெஸன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூல்நிலையத்தில் அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் இருக்கின்றன. 1894-இல் அவர் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. எண்கள் காலியாகவே நிற்கின்றன. பல பாட்டுகளில் ஏடு சிதைந்த இடத்தில் புள்ளிகள். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கு நாலு அடி ஆசிரியப்பா எழுத வராதா? எழுதிச் சேர்த்திருந்தால் கண்டுபிடிக்க நம்மில் எத்தனை பேருக்குத் திராணி இருந்திருக்கும்? அவர் புள்ளி வைத்தார். தமிழில் விமர்சனப் பிரக்ஞை என்று ஒன்று இருக்குமானால் அது அந்தப் புள்ளிகளிலிருந்து தொடங்குகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெளிநாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2014-இல் வெளியான ‘அஸாஸின்ஸ் க்ரீட் யூனிட்டி’ என்ற விளையாட்டு பிரெஞ்சுப் புரட்சிக் கால பாரீஸில் நடப்பது. அதிலுள்ள நோத்ர தாம் பேராலயத்தின் உச்சியில் நிற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியொலே-லெ-துய்க் எழுப்பிய கூர்முடி. புரட்சியின்போது இருந்திருக்க முடியாதது. விளையாடுகிறவர்களுக்குப் பழக்கமான உருவம் வேண்டியிருந்தது. 2019-இல் பேராலயம் எரிந்ததும் அந்த விளையாட்டைக் கொண்டே திரும்பக் கட்டலாம் என்று பேச்சு அடிபட்டது. அளவுகளுக்கு நம்ப முடிந்ததோ, ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் முன்பே லேஸரால் அளந்து வைத்திருந்த நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைப் போன்றவற்றை.

இந்தத் துறைக்காரர்களுக்கே விஷயம் தெரியாமல் இல்லை. கணினியில் பழமையை உருவாக்குகிறவர்கள் எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவனுக்குத் தெரியச் செய்யவேண்டும் என்று லண்டன் சாசனம் சொல்கிறது. அதன் திருத்திய வடிவம் 2009-இல் வந்தது. நம் பக்கம் இது காதில் விழுமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை பூம்புகாரைக் கணினியில் எழுப்ப ஒரு திட்டமே வைத்தது. கடலடியில் கருவிகள் அளப்பது ஒருபுறம் இருக்கட்டும். காப்பியத்தின் மாடங்களைப் பொறுத்தவரை அவற்றுக்கு அஸ்திவாரம் கவிதை மட்டுமே. கவிஞன் கற்பனைக்கு நாம் அளவெடுத்துச் சுவர் வைத்தால், காப்பியம் வரைபடமாகிவிடும். சிமெண்டில் கட்டிய பூம்புகார் கலைக்கூடமாவது தான் சிமெண்ட் என்று ஒப்புக்கொண்டு நிற்கிறது.

எங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் கணக்கு என்று உண்டு. யாருடையது என்று தெரியாமல் வந்த தொகையைத் தெரியும்வரை அதில் வைத்திருப்போம். யாராவது ஒரு வாடிக்கையாளர் பெயரில் வரவு வைத்து அன்றைய கணக்கை நேராக்கிவிட்டால் அது குற்றம். எழுத்திலும் இதைத்தான் எதிர்பார்க்கிறேன். சரித்திர நாவல் என்ற பெயரில் நம்மவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் துளைகளை அடைத்துவந்ததைச் சகித்துக்கொண்டவர்கள், கேம் எஞ்ஜினைக் குறைசொல்ல யோக்யதை அற்றவர்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஊகித்த பகுதியெல்லாம் மறைந்து செங்கல் மட்டும் நிற்க ஒரு பொத்தான் வைக்கலாம் என்றான். துளைகளை? “அதை அப்படியேவா விடறது?” என்று யோசித்தான். வடபக்கம் ஒரு மூலை படத்தில் விட்டுப்போயிருக்கிறதாம். வரும் ஞாயிறு திரும்பப் போகிறான். என்னையும் கூப்பிட்டிருக்கிறான். போகிறேன்.