சிரிக்க வைத்தவர்களை நினைத்து எழுதுதல்

பொதட்டூர்பேட்டையின் தறித் தெருக்களில் ஒருவர் இறந்துபோனால் சீக்கிரமே சுவரில் 'கண்ணீர் அஞ்சலி' ஒட்டப்பட்டுவிடும். பாசமிகு அண்ணன், ஆருயிர் நண்பன் என்ற அடைமொழிகள் இருக்கும். அந்த அண்ணன் எதைச் சொல்லித் தெருவையே சிரிக்க வைத்தார் என்பது இருக்காது. சுவரொட்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் நினைவுக் கட்டுரைகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். இறந்தவரின் உழைப்பு, கொடை, கொள்கை எல்லாம் வந்துவிடும். அவர் சிரிப்பு மட்டும் விடுபட்டுப் போகும்.

தொடக்கத்தில் தமிழ் இப்படி இருக்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை, புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. மார்பில் தைத்த வேலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கள்ளைப் பற்றிப் பேசிவிடுகிறார் ஔவை. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். மன்னன் அல்ல, கூட உட்கார்ந்து களித்த ஒருவன் போய்விட்டான் என்ற துக்கம் அது. பின்னால் வந்த இரங்கற்பாக்களில் புகழ் பெருகியது, இந்த நெருக்கம் குறைந்தது.

உரைநடையில் அதை மீட்டவர்களில் முக்கியமானவர் தொ.மு.சி. ரகுநாதன். புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் இறந்தார். மூன்றே ஆண்டுகளில், 1951-இல், ரகுநாதனின் 'புதுமைப்பித்தன் வரலாறு' வந்தது. வறுமையையும் நோயையும் மறைக்காத அந்த நூல், அவருடைய கிண்டலையும் கைவிடவில்லை. கு. அழகிரிசாமி 1970-இல் மறைந்த பிறகு கி. ராஜநாராயணன் வேறு வழியில் போனார். இருவரும் இடைசெவல்காரர்கள், சிறுவயதுச் சிநேகிதர்கள். அழகிரிசாமி தனக்கு எழுதிய கடிதங்களையே கி.ரா. நூலாக்கிக் கொடுத்தார். நண்பனை நண்பனே பேசட்டும் என்று விட்டுவிடுவதும் ஓர் அஞ்சலிதான்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தது சுந்தர ராமசாமி கிருஷ்ணன் நம்பியைப் பற்றிச் சொன்னது. நம்பி (1932–1976) நாகர்கோவில் வட்டாரத்துக்காரர். சசிதேவன் என்ற பெயரில் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். 'யானை என்ன யானை' அந்தப் பாடல்களின் தொகுப்பு. அவருடைய 'மருமகள் வாக்கு' கதையில் தேர்தல் சின்னங்கள் பூனையும் கிளியும். மருமகளுக்குக் கிளியின் மேல் ஆசை. மாமியாரோ பூனை பக்கம். வாக்குச்சாவடியில் மருமகளின் கை பூனைக்கே போகிறது. சிரித்துக்கொண்டே படித்து வருகிறவர் அந்த இடத்தில் திகைத்து நின்றுவிடுவார். இப்படி எழுதிய மனிதர் புற்றுநோயால் நடுவயதிலேயே போய்விட்டார்.

சு.ரா. மரணத்தை இரண்டு விதமாக எழுதியிருக்கிறார். 1963-இல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா மறைந்த சமயத்தில் எழுதிய 'காற்றில் கலந்த பேரோசை' துக்கத்தின் சூட்டோடு வந்தது. அதன் கம்பீரம் இன்றும் குறையவில்லை. 'நினைவோடை' நூல்களோ பல பத்தாண்டுகள் கழித்து, அவர் வாயால் சொல்லச் சொல்லப் பதிவு செய்யப்பட்டவை. நம்பியைப் பற்றிய நூல் இந்த வரிசையில் ஒன்று. பேச்சில் சொன்னதால்தான் நம்பியின் விளையாட்டுத்தனம் அதில் பிழைத்தது என்று நினைக்கிறேன். நகைச்சுவை சொன்ன வாக்கியத்தில் மட்டுமா இருக்கிறது? யாரிடம், எந்த நேரத்தில், எப்படி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார் என்பதில்தான் பாதி இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் நாம் மரியாதைக்குப் பயந்து அந்தப் பாதியை வெட்டிவிடுகிறோம். நண்பரிடம் கதை சொல்வது போலப் பேசும்போது அது தானாக வந்துவிடுகிறது.

பொதட்டூர்பேட்டை இருக்கும் திருத்தணி வட்டாரம், எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தப் போராட்டத்துக்கு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அந்த நாட்களில் தறியடியிலும் டீக்கடையிலும் சிரிக்கச் சிரிக்கப் பேசியவர்களைப் பற்றி யாராவது சொல்ல, யாராவது கேட்டு எழுத வேண்டும். அவர்களோடு சேர்ந்து சிரித்தவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. இந்த ஆண்டே ஒரு செல்போனை எதிரில் வைத்துக்கொண்டு அவர்களைப் பேசவிடலாம்.