தகட்டின் உட்புறம்: கைத்தட்டு உலோக வேலையின் மரபுகளும் தர அளவுகளும்

உலோகத்துக்கு உருவம் கொடுக்கும் தொழிலைத் தமிழக மரபு இரண்டு பெருவழிகளாகக் கொண்டு வந்துள்ளது. உருக்கி அச்சில் ஊற்றுவது வார்ப்பு; உருக்காமலேயே மெல்லிய தகட்டைச் சுத்தியலால் தட்டி மேடும் பள்ளமுமாக எழுப்புவது தகட்டு வேலை. சுவாமிமலையின் படிமங்களும் நாச்சியார்கோயிலின் குத்துவிளக்குகளும் வார்ப்பின் புகழை நாடறியச் செய்துவிட்டமையால், தகட்டு வேலை தனக்குரிய கவனத்தைப் பெறாமலே நின்றுவிட்டது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் இந்தக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். நகரின் தென்மேற்கே வேகவதி ஆற்றை ஒட்டி, சமணக் காஞ்சி எனப் பெயர்பெற்ற திருப்பருத்திக்குன்றத்தில், விசயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் 1387-88-இல் எழுப்பிய சங்கீத மண்டபத்தையும் அங்குள்ள விதான ஓவியங்களையும் பற்றி அறிஞர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்து சிறிது தொலைவிலேயே, வரதராசப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பெருவிழாவில் தங்கக் கருட வாகனம் வெயிலில் மின்னியபடி வீதிக்கு வரும்போது, அந்த மார்பின் வளைவையும் சிறகின் விரிவையும் தகட்டிலிருந்து எழுப்பிய கையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

அந்தக் கைவேலையும், பழைய காரின் மட்கார்டையும் பானெட்டையும் அச்சு இயந்திரமின்றித் தட்டி உருவாக்கும் கைவேலையும் ஒரே தொழிலின் இரு கிளைகள் என்பதையும், இரண்டும் தத்தம் தரத்தை வெவ்வேறு அளவுகோல்களால் காத்து வந்துள்ளன என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகட்டு வேலையின் தொன்மைக்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் நடத்திய அகழாய்வில் கிடைத்த நெற்றிப் பட்டங்கள், பொன்னைத் தாள்போல் மெலிதாக்கிப் புள்ளிக் கோலம் குத்தியவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, முதலாம் இராசராசன் தனது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அதாவது 1010-இல், விமானத்தின் தூபித் தறியில் வைக்கக் கொடுத்த செப்புக் குடத்தைப் பற்றிச் சொல்லும்போது, செம்பின் நிறை 3,083 பலம் என்றும் அதன்மேல் போர்த்திய பொன் தகட்டின் நிறை 2,926½ கழஞ்சு என்றும் பிரித்துப் பதிவு செய்கிறது. அதே கோயிலின் அணிகலன் கல்வெட்டுகள் அரக்கும் உட்பட இவ்வளவு நிறை என்று குறிப்பிடத் தவறுவதில்லை. படிமங்களைப் பற்றிய குறிப்புகள் அவை கனமானவையா உட்கூடானவையா என்பதையும் சொல்லிவிடுகின்றன. வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாமல், உள்ளே எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கேட்ட ஒரு நிர்வாகத்தின் மனப்போக்கு இதில் தெரிகிறது. தகட்டு வேலைக்குத் தமிழகத்தில் எழுத்தில் நிலைத்த முதல் தர அளவு நிறையே எனலாம்.

மரபுகளை வகைப்படுத்துமுன் தொழிலின் உள்ளியக்கத்தை விளக்குவது அவசியம். தகட்டை ஒரு திசையில் மட்டும் சுருட்டி உருளையாக்கவோ கூம்பாக்கவோ பெரிய தேர்ச்சி வேண்டியதில்லை. அங்கே உலோகம் வளைகிறதே தவிர, அதன் பரப்பு கூடுவதோ குறைவதோ இல்லை. கொடிமரத்துக்குப் போர்த்தும் கவசத்தின் உருளைத் துண்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. கருடனின் மார்பு, யானை வாகனத்தின் மத்தகம், பழைய காரின் சக்கரத்துக்கு மேல் கவியும் மட்கார்டு போன்றவை இரு திசைகளிலும் ஒருசேர வளைபவை. அத்தகைய வடிவத்தைத் தட்டைத் தகட்டிலிருந்து பெற வேண்டுமானால் நடுப்பகுதி விரிய வேண்டும், அல்லது விளிம்பு சுருங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டும் நிகழ வேண்டும். விரிப்பது எளிது. மணல் மூட்டையின் மீதோ குழி வெட்டிய மரக்கட்டையின் மீதோ தகட்டை வைத்து உருண்டை முகச் சுத்தியலால் தட்டினால், அடிபட்ட இடம் மெலிந்து பரப்பு கூடும். சுருக்குவதுதான் கைத்திறனைச் சோதிக்கும். விளிம்பில் சிறு மடிப்புகளை எழுப்பி, அவை பக்கவாட்டில் விரிந்து ஓடிவிடாதபடி தட்டி அடக்கும்போது உலோகம் தனக்குள்ளேயே புகுந்து தடிக்கிறது. விரிப்பை மட்டுமே கற்றவரின் வேலையில் ஆழமான இடமெல்லாம் மெலிந்து போய்விடும். வளைவு கண்ணுக்குச் சரியாகத் தோன்றினாலும், சில ஆண்டுகளில் அந்த இடத்திலேயே கீறல் விழும்.

தட்டத் தட்ட உலோகம் இறுகி, மேலும் வளைய மறுக்கும் நிலைக்கு வந்துவிடும். அதைச் சூடாக்கி மீண்டும் இளக்குவது பதமாக்கல். இங்கே ஒவ்வொரு உலோகத்துக்கும் தனிக் குணம் உண்டு. செம்பை மங்கிய சிவப்புத் தெரியும்வரை காய்ச்சி நீரில் தோய்த்தாலும் அது மென்மையாகவே இருக்கும். எஃகை மென்மையாக்க அவ்வாறு தோய்ப்பதில்லை. அலுமினியமோ 660 பாகை செல்சியசில் உருகுவது. உருகும் வரை சிவந்து எச்சரிக்கை காட்டாது. அதனால் தகட்டின் மேல் சோப்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு கருகும் நேரத்தில் தீயை விலக்குவது உலகெங்கும் கைத்தட்டுப் பட்டறைகளில் கையாளும் உபாயம். இறுதியாக, மெருகேற்றிய முகமுள்ள சுத்தியலால் இரும்புத் தாங்கியின் மேல் வைத்து இலேசாகத் தட்டி, முந்தைய அடிகளின் தடயத்தைச் சமப்படுத்துவது மட்டந்தட்டல். இந்த நான்கையும், அதாவது விரித்தல், சுருக்குதல், பதமாக்கல், மட்டந்தட்டல் ஆகியவற்றை, எல்லா மரபுகளும் ஏதோ ஒரு வரிசையில் கையாளுகின்றன. எதற்கு முதலிடம் என்பதில்தான் வேறுபடுகின்றன.

கோயில் மரபில் அடிப்படை வடிவத்தைத் தச்சர் மரத்தில் செதுக்கிக் கொடுத்துவிடுகிறார். செப்புத் தகட்டை அந்த மர உருவின் உறுப்புகளுக்கேற்பத் தனித்தனித் துண்டுகளாக வெட்டித் தட்டிப் பொருத்தி, சிறு ஆணிகளால் இறுக்கி, அதன்மேல் வெள்ளித் தகடு போர்த்துவதோ தங்க ரேக்குப் பதிப்பதோ வழக்கம். சிதம்பரம் பொற்சபையின் கூரை 21,600 பொன்னோடுகளும் 72,000 ஆணிகளும் கொண்டது என்ற மரபுரையில், மூச்சின் எண்ணிக்கைக்கும் நாடிகளின் எண்ணிக்கைக்கும் தத்துவப் பொருள் சொல்வார்கள். தொழில் நோக்கில் பார்ப்பவருக்கோ பெரும்பரப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து மூடும் கோயில் மரபின் அணுகுமுறை அதில் தெளிவாகத் தெரியும். நுண் உருவங்களுக்கு நகாசு வேலை தேவைப்படும். குங்கிலியத்தோடு செங்கற்பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அரக்குப் படுக்கையில் தகட்டைப் பதித்து, பின்புறமிருந்து புடைப்புகளை எழுப்பி, பிறகு திருப்பிப் போட்டு முன்புறத்தில் சிற்றுளிகளால் கோடுகளையும் செதில்களையும் தெளிவாக்குவார்கள். இரண்டாம் சரபோசி காலத்தில் உருப்பெற்று, இப்போது புவிசார் குறியீடும் பெற்றுள்ள தஞ்சாவூர்க் கலைத்தட்டு இந்த நகாசு மரபின் நெருங்கிய உறவு. பித்தளைத் தட்டைக் கன்னார் அமைக்க, அதில் பதிக்கும் வெள்ளிப் புடைப்புகளைத் தட்டார் உருவாக்குவது அங்கே வழக்கமான பங்கீடு.

கோயில் மரபின் பெருமையைச் சொல்லும்போதே அதன் சலுகையையும் சொல்லிவிட வேண்டும். நகாசு, தவறுகளை மன்னிக்கும். தோள்வளைவில் ஒரு நெளிவு இருந்தால் அங்கே ஒரு மாலையோ மகரவாயோ வந்து அமர்ந்துவிடும். இரு துண்டுகளின் இணைப்பைச் செதில் வரிசை மறைத்துவிடும். நுட்பம் மிகுந்த நகாசைக் கண்டவுடன் அதையே உயர்ந்த தகட்டு வேலை என்று புகழும் வழக்கம் விழா மலர்களில் நெடுநாளாக உள்ளது. ஒரு கோடுகூட இல்லாத வெறும் வளைவை நெளிவின்றி எழுப்புவது அதைவிடக் கடினம் என்பதைக் கார் வேலையை அறிந்தவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இரு மரபுகளுக்கும் இடையில் நின்றவர்கள் அண்டாவும் தவலையும் கொப்பரையும் தட்டிய கன்னார்கள். அடைகல்லின் மேல் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரே சீராகத் தட்டிய அவர்களது வெற்று வளைவுகளில் நகாசுக்கு இடமேயில்லை. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியபோது, செம்பிலும் பித்தளையிலும் பழகிய கைத்திறனையே புதிய உலோகத்துக்குத் திருப்பினார். 1903-இல் அந்தப் பிரிவு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் கார் உடல் கலைஞர்கள் பெரிதும் விரும்பிய உலோகம் அலுமினியம் என்பதை எண்ணினால், இந்த நிகழ்ச்சி தமிழகத் தகட்டு வேலையின் வரலாற்றில் உரிய இடத்தைப் பெறாதது வியப்பளிக்கிறது.

வாகன உடல் கட்டும் மரபு சென்னைக்குக் குதிரை வண்டி வழியாக வந்தது. 1840-இல் தோன்றிய சிம்ப்சன் நிறுவனம் கோச்சு வண்டிகள் கட்டிப் பெயர்பெற்றது. அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவியால் ஓடும் காரை உருவாக்கினார். அக்காலத்தில் காரின் இயந்திரமும் அடிச்சட்டமும் ஒருவரிடமிருந்தும், மேலுடல் வேறொரு பட்டறையிலிருந்தும் வருவது உலக வழக்கம். அந்தப் பட்டறைகளில் இரு பள்ளிகள் தெளிவாகப் பிரிந்தன. இங்கிலாந்தில் மரத்தால் முழு வடிவச் சட்டம் செய்து அதனோடு தகட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதும், மேலே தட்டையான உருளையும் கீழே புடைத்த உருளையும் கொண்ட ஆங்கிலச் சக்கரம் என்னும் கருவிக்கிடையே தகட்டை முன்னும் பின்னும் ஓட்டி வளைவேற்றுவதும் முறை. இத்தாலியின் மோதேனா வட்டாரத்தில் கம்பிகளால் வடிவம் கட்டி, குழித்த மரத்தடியிலும் மணல் மூட்டையிலும் சுத்தியலால் தட்டி எழுப்புவது முறை. ஸ்காலியெத்தியின் பட்டறை ஃபெராரி கார்களுக்கு அலுமினிய உடல்களை இவ்வாறுதான் தட்டிக் கொடுத்தது. மிலான் நகரின் தூரிங் நிறுவனம் 1930-களில் மெல்லிய குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. மர உருவுக்கு மேல் தகடு போர்த்தும் கோயில் வாகனக் கலைஞருக்கு அந்த முறையை விளக்கச் சில நிமிடங்கள் போதும்.

அமெரிக்காவில் பட் நிறுவனம் முதல் உலகப் போரின் காலத்திலேயே டாட்ஜ் கார்களுக்கு முழு எஃகு உடல்களை அச்சு இயந்திரத்தில் அழுத்தித் தரத் தொடங்கியது. அதன்பின் கைத்தட்டு உடல்கள் மெல்ல மெல்ல அருமைப் பொருளாகிவிட்டன. தமிழகத்தில் அக்கலையின் எச்சம் டிங்கரிங் பட்டறைகளில் தங்கியது. பின்னால் டாலி என்னும் இரும்புக் கட்டியைப் பிடித்து முன்னால் சுத்தியலால் தட்டிச் சொட்டை எடுப்பது, விரிந்துபோன எஃகை ஒரு புள்ளியில் சிவக்கக் காய்ச்சித் தட்டி ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்குவது ஆகியவை முறையான தகட்டு வேலையே. ஆனால் பட்டி என்னும் பூச்சுக்கலவை மலிவாகக் கிடைத்தபின், சொட்டையைப் பாதி எடுத்துவிட்டு மீதியைப் பட்டியால் நிரப்பித் தேய்த்து வண்ணம் அடிப்பது பொதுவழக்காயிற்று. வாடிக்கையாளர் கேட்கும் விலையும் தவணையும் அதற்குக் காரணம் என்பதால் தொழிலாளியை மட்டும் குறைசொல்வது முறையாகாது. கரூரின் பேருந்து உடல் கட்டும் தொழிலிலோ பெரும்பாலான பக்கங்கள் நேர்த்தகடுகளே. எனவே இரட்டை வளைவின் பயிற்சி அங்கே குறைவாகவே தேவைப்படுகிறது.

தர அளவுகளை இப்போது ஒப்பிடலாம். கோயில் மரபு நிறையைக் கேட்கிறது: கொடுத்த வெள்ளி எவ்வளவு, திரும்பிய வெள்ளி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்பது பதிவேட்டில் ஏறும், நகை சரிபார்ப்பு அலுவலர் அதை ஒப்பிடுவார். கார் மரபு மேற்பரப்பைக் கேட்கிறது: மெருகேற்றிய தகட்டில் குழல்விளக்கின் நிழல் நெளியாமல் ஓட வேண்டும், வளைவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடங்கலின்றிச் சேர வேண்டும். நிறைக்கணக்கு நிரப்பி மறைப்பதைத் தடுக்கும், நெளிவைக் கண்டுபிடிக்காது. நிழல் சோதனை நெளிவைக் காட்டும். பட்டியின் தடிப்பைக் காட்டாது. இரு குறைகளையும் ஒரே பார்வையில் வெளிப்படுத்தும் இடம் தகட்டின் உட்புறம் ஒன்றே. சேலையின் தரத்தைக் காண விரும்பும் காஞ்சி நெசவாளர் முந்தானையைப் புரட்டி, உடலும் கரையும் சேரும் கோர்வையைப் பின்பக்கத்தில் பார்ப்பது போல, உட்புறத்தில் சுத்தியல் தடங்கள் சீராகப் பரவியுள்ளனவா, பற்றவைப்பு மறுபக்கம்வரை ஊடுருவித் தட்டிச் சமமாக்கப்பட்டுள்ளதா, ஆழமான பகுதியின் தடிப்பு விளிம்பின் தடிப்போடு எவ்வளவு ஒத்துவருகிறது என்பவற்றைப் பார்த்தால் போதும்.

கற்பிக்கும் அமைப்புகளைப் பொறுத்தவரை நிலைமை சிதறலானது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தகட்டு வேலையாளர் பிரிவும் வாகன உடல் பழுதுபார்ப்புப் பிரிவும் உள்ளன. அங்கே வெட்டுதல், மடித்தல், பற்றவைத்தல், சொட்டை எடுத்தல் ஆகியவற்றுக்கு இடமிருப்பினும், தட்டைத் தகட்டிலிருந்து அரைக்கோளம் எழுப்பும் அளவுக்குச் சுருக்கும் பயிற்சி பெற நேரம் போதுவதில்லை. மாமல்லபுரத்தின் அரசு கட்டிடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் உலோகச் சிற்பம் பாடமாக உள்ளது. மற்றபடி ஆசாரியின் பட்டறையில் சுத்தியல் முகத்தைத் துடைத்து மெருகேற்றுவதில் தொடங்கி, பதமாக்கும் அடுப்பைக் காத்து, மட்டந்தட்டலுக்கு வந்து, கடைசியில் சுருக்கலைத் தொடும் பழைய வரிசையே இன்றும் நம்பத்தக்க பாடத்திட்டம். இந்த வரிசையில் மட்டந்தட்டல் முன்னரே வந்துவிடுவது கவனிக்கத்தக்கது. கெட்ட பரப்பைச் சீர்செய்து பழகியவருக்கே தாம் தட்டும்போது பரப்பைக் கெடுக்காதிருக்கத் தெரியும்.

பழைய வேலையைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு மட்டும் ஆண்டுதோறும் குறைகிறது. கோயம்புத்தூரில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடீ கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய கார்களின் மேலுடலை வெளியிலிருந்து காணலாம். கோயில்களில் திருக்குடமுழுக்கை ஒட்டி வாகனங்களைப் புதுப்பிக்கும்போது பழைய வெள்ளித் தகடு உரிக்கப்பட்டு, எடைபோடப்பட்டு, உருக்கப்பட்டுவிடுகிறது. அப்போது நிறை மட்டுமே பதிவாகிறது. உருக்குவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் உட்புறத்தையும் படமெடுத்து, ஆழத்திலும் விளிம்பிலும் தடிப்பை அளந்து, துண்டுகளின் வெட்டுக்கோட்டையும் ஆணிகளின் இடைவெளியையும் தாளில் வரைந்து அதே பதிவேட்டோடு சேர்த்து வைக்க ஒரு மேஸ்திரியும் ஒரு புகைப்படக்காரரும் சில நாள் உழைத்தால் போதும். காஞ்சிபுரத்தின் பெருங்கோயில்கள் இதைத் தங்கள் அடுத்த திருப்பணியிலேயே தொடங்கலாம்.