உணவும் தகுதியும்: காரைக்காலம்மையார் புராணத்தின் மாங்கனி நிகழ்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சமயத் தகுதியை உணவைக் கொண்டு அளக்கும் வழக்கம் பல சமயங்களில் உண்டு. சில சமயங்கள் எதை உண்ணலாகாது என்று வரையறுத்து அளக்கின்றன. சில, யாருக்கு உணவளிக்க வேண்டும் என்று வரையறுத்து அளக்கின்றன. சேக்கிழாரின் காரைக்காலம்மையார் புராணத்தில் வரும் மாங்கனி நிகழ்வு, அம்மையாரின் தகுதியை மெய்ப்பிக்கும் அற்புதமாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அந்நிகழ்வில் தகுதியைச் சோதிப்பவர் இறைவனும் அல்லர், அடியாரும் அல்லர், கணவனே என்பதையும், அச்சோதனையைக் காப்பியம் ஏற்கவில்லை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஒப்பீட்டிற்காக மார்மன் சபையின் உணவு விதிகளும், பெரியபுராணத்தின் பிற அமுதளிப்புக் கதைகளும், அம்மையாரின் பாடல்களும், காரைக்கால் மாங்கனித் திருவிழாவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காரைக்காலம்மையார், பெரியபுராணம், மாங்கனித் திருவிழா, உணவு விதி, சமயத் தகுதி, ஞான வார்த்தை

முன்னுரை

நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு இடையே கடலோரத்தில் அமைந்த காரைக்கால், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஓர் உறுப்பாக விளங்குகிறது. நிருவாக எல்லைகள் எவ்வாறு மாறியபோதிலும் சைவ மரபில் இவ்வூர் ஒரு வணிகர் குலப் பெண்ணின் பெயராலேயே அறியப்படுகிறது. அப்பெண்ணின் வரலாற்றை மக்கள் நினைவில் நிறுத்துவது ஓர் உணவுப்பொருள். மாங்கனி இல்லாமல் காரைக்காலம்மையாரைப் பற்றிப் பேசுவது இன்று அரிது.

ஆயினும் அம்மையாரின் பாடல்களில் அம்மாங்கனி இல்லை. அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகிய நூல்கள் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. இவற்றுள் எதிலும் கணவனோ அடியாருக்கு இட்ட அமுதோ பேசப்படவில்லை. திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் அவரைப் பேயார் என்ற பெயரால் மட்டும் சுட்டுகிறார். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி, தலையால் நடந்து திருமலை ஏறியதையும் இறைவன் அம்மை என அழைத்ததையும் கூறுகிறது, மாங்கனியைக் கூறவில்லை. தொகை, வகை, விரி என்னும் இம்மூன்று நூல் வரிசையில் மாங்கனி இடம்பெறுவது 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழாரிடமே. ஆகவே, உணவைக் கொண்டு அம்மையாரின் பெருமையை உரைப்பது சேக்கிழார் தேர்ந்துகொண்ட கதைமுறை. அத்தேர்வின் பொருள் என்ன என்பதே இங்கு எழும் வினா.

விலக்கும் அளிப்பும்

உணவு விதியைச் சமயத் தகுதியின் அளவுகோலாக ஆக்கிய அண்மைக்கால எடுத்துக்காட்டுகளுள் தெளிவானது, மார்மன் சபை எனப் பொதுவாக வழங்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அச்சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் 1833 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தின் கர்ட்லாந்தில் வெளியிட்ட 'ஞான வார்த்தை' மது, புகையிலை, சூடான பானங்கள் ஆகியவற்றை விலக்குகிறது. சூடான பானங்கள் என்பதற்குத் தேநீரும் காப்பியும் என்று பின்னர்ப் பொருள் கொள்ளப்பட்டது. தானியங்களையும் பருவத்துப் பழங்களையும் பரிந்துரைக்கும் அவ்வெளிப்பாடு, இறைச்சியைக் குறைவாக உண்ணுமாறும் கூறுகிறது.

இதன் வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. ஞான வார்த்தை தன்னைக் கட்டளையாக அன்றி அறிவுரையாகவே அறிமுகப்படுத்திக்கொண்டது. அது ஆலயத்திற்குள் நுழைவதற்கான நிபந்தனையாக உறுதிப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில்தான். இன்று ஆலயப் பரிந்துரைச் சீட்டுப் பெற விரும்பும் உறுப்பினர் சபைத் தலைவர்கள் முன் அமர்ந்து வினாக்களுக்கு விடையளிக்கிறார். ஞான வார்த்தையைக் கைக்கொள்கிறாரா என்பது அவ்வினாக்களுள் ஒன்று. சீட்டு இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். இறைச்சியைக் குறைத்தாரா என்று தனியே வினவப்படுவதில்லை. காப்பி அருந்தினாரா என்பது தகுதியைப் பாதிக்கிறது. ஒரே வெளிப்பாட்டின் ஒரு பகுதி விதியாகவும் மற்றொரு பகுதி அறிவுரையாகவும் நிற்பதற்குக் காரணம் உணவின் இயல்பன்று. எதனை வினவுவது என்று நிறுவனம் செய்துகொண்ட தெரிவு.

அச்சபையில் அளித்தல் இல்லை என்பதன்று. மாதந்தோறும் ஒருநாள் இருவேளை உணவை விடுத்து, அதன் மதிப்பை வறியோருக்காக வழங்கும் நோன்புக் காணிக்கை அங்கு உண்டு. எனினும் உணவைப் பற்றிய தகுதி வினா விலக்கையே மையமாகக் கொள்கிறது. அன்றியும், விடையளிப்பவரின் சொல்லே அங்குச் சான்று. வேறு மெய்ப்பிப்புக் கோரப்படுவதில்லை. இவ்விரு கூறுகளும், அதாவது வினவும் முறையும் சொல்லை ஏற்கும் முறையும், மாங்கனி நிகழ்வை ஆராயத் துணைசெய்கின்றன.

பெரியபுராணத்தில் உணவுச் சோதனை

பெரியபுராணத்தில் உணவு பெரும்பாலும் அளிப்பின் வழியாகவே தகுதியோடு இணைகிறது. இளையான்குடி மாறனார் மழையிரவில் விதைத்த நெல்லை வாரி வந்து, கூரைக் கொம்புகளை விறகாக்கி அமுது சமைக்கச் செய்கிறார். அரிவாட்டாயர் தாம் கார்நெல் அரிசியும் கீரையும் உண்ண நேர்ந்தபோதும் இறைவனுக்குச் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைப்பதை விடவில்லை. காரைக்காலுக்கு அணித்தான திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் வீட்டுக்கு வந்த பைரவ அடியார், ஒரே மகனாகிய ஐந்து வயதுப் பிள்ளையை அறுத்துக் கறி சமைக்கக் கேட்கிறார். கண்ணப்பரோ தம் வாயால் சுவை பார்த்த ஊனைப் படைக்கிறார்; சிவகோசரியாருக்குத் தீட்டாகத் தோன்றியது இறைவனுக்கு உவப்பாகிறது.

இக்கதைகளில் இருவகைப் பண்புகளைக் காணலாம். முதலாவது, உணவின் தூய்மை தகுதியை முடிவுசெய்வதில்லை. கண்ணப்பர் கதை தூய்மை விதியை நேராகவே மறுக்கிறது. இரண்டாவது, விலக்கு விதி இல்லை என்பதால் சோதனை மென்மையாகிவிடுவதில்லை. விலக்கு விதிக்கு ஓர் எல்லை உண்டு. இன்னின்னவற்றை உண்ணாதவர் அதனை நிறைவேற்றியவராகிறார். அளிப்பு விதிக்கு அவ்வெல்லை இல்லை. விதைநெல்லில் தொடங்கும் கேள்வி பிள்ளைக்கறி வரை செல்லக்கூடும். அளிப்புச் சமயம் இரக்கமுடையது, விலக்குச் சமயம் கடுமையானது என்னும் எளிய பகுப்பு இதனால் பொருந்தாது போகிறது.

இளையான்குடி மாறனார், சிறுத்தொண்டர் கதைகளில் சோதிக்க வருபவர் அடியார் வேடம் பூண்ட இறைவன். கதை முடிவில் அவர் தம்மை வெளிப்படுத்துகிறார். சோதனை அருளாக முடிகிறது. காரைக்காலம்மையார் புராணம் இவ்வமைப்பிலிருந்து விலகுகிறது.

சோதிப்பவர் யார்?

பரமதத்தன் தனக்குக் கிடைத்த இரு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். சோறு ஆயிற்று, கறி ஆகவில்லை என்ற வேளையில் முதுமைத் தளர்ச்சியும் கடும்பசியும் உடைய அடியார் ஒருவர் வருகிறார். புனிதவதியார் சோற்றுடன் ஒரு கனியை இடுகிறார். அடியார் உண்டு, மகிழ்ந்து, சென்றுவிடுகிறார். சேக்கிழாரின் பாடல்களில் அவர் இறைவனின் மாற்றுருவாகக் காட்டப்படவில்லை. பின்னர்த் தோன்றி வரம் அளிக்கவும் இல்லை. அவர் பசித்தவர், அவ்வளவே. குறிப்பிட்ட பொருளை அவர் கேட்கவில்லை. நிபந்தனை எதையும் விதிக்கவில்லை. இவ்வமுதளிப்பில் சோதனை என்பதே இல்லை.

சோதனை தொடங்குவது கணவன் உண்ண அமர்ந்த பின்னரே. எஞ்சிய கனியின் சுவையால் அவன் மற்றதையும் கேட்கிறான். இறைவனை நினைந்த அம்மையார் கையில் ஒரு கனி வருகிறது. அதன் சுவை அமுதினும் மேம்பட்டதாக இருக்க, இது முன்பு தந்த கனியன்று, எங்கே பெற்றாய் என்று வினவுகிறான். அருளை வெளியிடுதல் தகாது என்ற தயக்கத்துக்கும் கணவனிடம் மெய் மறைத்தல் கூடாது என்ற கடமைக்கும் இடையில் நின்று அம்மையார் நடந்ததைக் கூறுகிறார். அவன் அச்சொல்லை ஏற்கவில்லை. அருள் என்பது மெய்யானால் இன்னொரு கனி தருவாய் என்கிறான். தம் சொல் பொய்யாகிவிடும் என்று அம்மையார் வேண்ட, மூன்றாம் கனி வருகிறது. அவன் கையில் வாங்கியதும் அது மறைகிறது.

சுவை, வினா, வாக்குமூலம், மெய்ப்பிப்பு என்னும் படிகளில் செல்லும் இப்பகுதியே புராணத்தின் தகுதி விசாரணை. ஆலயப் பரிந்துரை வினாவில் உறுப்பினரின் சொல்லே போதுமானதாக இருக்க, இங்கு மனைவியின் சொல் போதவில்லை. விசாரணையின் முடிவும் கருதத்தக்கது. அவர் தகுதியற்றவர் என்று பரமதத்தன் முடிவுசெய்யவில்லை. மனிதப் பிறவியே அல்லர் என்று முடிவுசெய்கிறான். அச்சமுற்றுத் தொடர்பின்றி உடனுறைந்து, பின் கப்பலேறிச் சென்று, பாண்டி நாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். அம்மையாரின் தகுதி ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பிக்கப்பட்டதாலேயே அவர் மனையறத்தை இழந்தார். சோதனையில் தோற்றவர் விலக்கப்படுவது வழக்கம். இங்கு வென்றவர் விலக்கப்படுகிறார்.

மூன்றாம் கனி மறைந்ததை அருளின் சான்றாக மட்டும் கொள்ளும் விளக்கங்கள் கணவனின் நோக்குநிலையிலேயே நின்றுவிடுகின்றன. அடியாரின் பசியைத் தணித்த முதற்கனியும், கணவனுக்கு உணவான இரண்டாம் கனியும் உண்ணப்பட்டன. மெய்ப்பிப்பதற்காகக் கேட்கப்பட்ட கனி மட்டுமே உண்ணப்படவில்லை. பசிக்கு உதவாமல் சான்றாக மட்டும் வேண்டப்பட்ட உணவு உணவாக நிலைக்கவில்லை. இவ்வேறுபாட்டைக் கருதினால், கனி மறைதல் அம்மையாருக்கு அளிக்கப்பட்ட நற்சான்று என்பதைவிட, சோதித்தவனுக்கு அளிக்கப்பட்ட மறுப்பு என்று கொள்வதே பொருத்தம்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். சேக்கிழார் பரமதத்தனை இழிவாகக் காட்டவில்லை. அவன் பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே சூட்டி, பின்னர் அவர் அடிகளில் வீழ்ந்து வணங்குகிறான். ஆனால் அவ்வணக்கத்தைக் கண்ட அம்மையார் அதில் நிறைவு கொள்ளவில்லை. கணவன்பொருட்டுச் சுமந்த தசைப்பொதியைக் கழித்துப் பேய்வடிவம் வேண்டுகிறார். தகுதியை ஏற்றுக்கொண்ட உறவினர் நடுவிலும் அவருக்கு இடமில்லாமற்போனதையே அவ்வேண்டுதல் காட்டுகிறது.

அம்மையாரின் பாடல்களில் ஊண்

அம்மையார் தம்மைக் காரைக்காற்பேய் என்று அழைத்துக்கொள்கிறார். மூத்த திருப்பதிகங்களின் களம் திருவாலங்காட்டுச் சுடுகாடு. பேய்களும் நரிகளும் திரிய, நிணமும் பிணமும் உணவாகும் அவ்விடத்திலேயே இறைவன் ஆடுகிறான். எந்த உணவு விதியும் தூய்மையென ஏற்காத ஊண் அங்கு உண்ணப்படுகிறது. உண்பவை ஆட்டத்தின் சூழலிலிருந்து விலக்கப்படவில்லை. தம்மைப் பேய் என அழைக்கும் கவிஞர் அக்கூட்டத்தில் ஒருவராகவே நிற்கிறார்.

மனைக்குள் அமுதளிக்கும் புனிதவதியாரைப் படைத்தவர் சேக்கிழார். சுடுகாட்டில் நின்று பாடுபவர் அம்மையார். இருவேறு உலகங்களையும் இணைக்கும் பணியைச் சேக்கிழாருக்குச் செய்து தருவது மாங்கனி. மனையின் உணவே மனையைவிட்டு வெளியேறக் காரணமாகும்போது, பாடல்களின் பேய்க்கு ஒரு முன்வரலாறு கிடைக்கிறது.

திருவிழா தரும் விளக்கம்

ஆனி மாதப் பௌர்ணமியையொட்டிக் காரைக்காலில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில் அம்மையாரின் திருமணம் நிகழ்த்தப்படுகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் வீட்டு மாடிகளிலிருந்தும் தெருவிலிருந்தும் மாங்கனிகளை வீசுகின்றனர். கீழே நிற்போர் அவற்றைப் பிடித்து உண்கின்றனர். பின்னர்த் தயிரன்னமும் மாங்கனியும் கொண்டு அமுது படையல் நடைபெறுகிறது.

திருவிழா காப்பியத்தை இரு வகைகளில் மாற்றுகிறது. காப்பியத்தில் பசித்து வந்தவர் பெயரற்ற முதிய அடியார். விழாவில் இறைவனே பிச்சாண்டவராக வருகிறார். இதனால் காப்பியத்தில் இல்லாத தெய்வச் சோதனை அமைப்பு விழாவில் நுழைவதற்கு இடம் ஏற்படுகிறது. மாங்கனி நிகழ்வை இறைவன் நடத்திய சோதனையாகக் கொள்ளும் பொது நினைவுக்கும் இது துணைசெய்கிறது. மறுபுறம், வீசப்படும் கனி எவர் கைக்கும் செல்லும். பிள்ளைப்பேறு வேண்டுவோர் அதனை அருளாகக் கொள்கின்றனர். பெறுபவரின் தகுதி வினவப்படுவதில்லை. பரமதத்தன் கையில் நில்லாத கனி கூட்டத்தில் நிற்கும் எவர் கையிலும் நிற்கிறது. சோதனையின்றி உண்பித்த முதற்கனியின் இயல்பை இவ்வகையில் விழா காத்துவருகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. உணவு தானாகச் சமயத் தகுதியின் அளவாவதில்லை. வினவும் அதிகாரம் ஒருவரிடமோ ஒரு நிறுவனத்திடமோ சேரும்போதே அது அளவாகிறது. மார்மன் சபையில் அறிவுரை நிபந்தனையானதும், பரமதத்தன் வீட்டில் பழத்தின் சுவை விசாரணையானதும் இதற்குச் சான்றுகள். அளிப்பை அளவாகக் கொள்ளும் மரபு, விலக்கை அளவாகக் கொள்ளும் மரபினும் இயல்பாகவே மென்மையானதன்று. காரைக்காலம்மையார் புராணத்தில் அமுதளிப்பும் தகுதிச் சோதனையும் வெவ்வேறு நிகழ்வுகள்; முன்னதைச் செய்தவர் புனிதவதியார், பின்னதைச் செய்தவர் பரமதத்தன். இரண்டையும் ஒன்றாக்கி, கனி மறைந்ததை அம்மையாரின் கற்புக்கோ பக்திக்கோ உரிய சான்றாகக் கற்பிக்கும் உரைமரபு மறுபரிசீலனைக்குரியது. சான்று தேவைப்பட்டது கணவனுக்கு மட்டுமே. பசியோடு வந்த அடியார் எதையும் வினவாமல் உண்டு சென்றார்.