ஆட்டுக்கு மாலை, சிறுவனுக்கு என்ன?

கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் பனி விலகுமுன் பட்டியைத் திறந்து, வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு சரிவேறும் மலைவாழ் சிறுவன், தான் பொறுப்பு என்னும் குணத்தை அப்யாசம் செய்துகொண்டிருப்பதாக ஒருநாளும் எண்ணுவதில்லை. 'ஆட்டைப் பார்த்துக்கோ' என்று சொல்லிவிட்டு மிளகுக் கொடிக்கும் காப்பித் தோட்டத்துக்கும் போய்விடுகிற பெற்றோருக்கும் அந்த நினைப்பில்லை. அதே வேலையை ஒரு சிக்ஷை முறையாக வகுத்து, அதற்குச் சங்கமும் கண்காட்சியும் பரிசும் ஏற்படுத்தியவர்கள் அமெரிக்கர்கள். 1902-இல் ஒகையோ மாநிலத்துப் பள்ளி அதிகாரி ஏ. பி. கிரஹாம் தொடங்கிய சிறுவர் சங்கம், தலை, இதயம், கை, ஆரோக்கியம் என்னும் நான்கு சொற்களின் ஆங்கில முதலெழுத்தால் 'ஃபோர் எச்' என்று பெயர் பெற்ற பேரியக்கத்துக்கு மூலங்களில் ஒன்றாயிற்று. ஒரு குட்டியை வாங்கி, தீனிக் கணக்கு எழுதி, வளர்த்து, நடுவர்முன் நடத்திக் காட்டி, பெரும்பாலும் ஏலத்தில் விற்றுவிடுவது அதன் கால்நடைப் பிரிவின் வழக்கம்.

இம்முறையின் அடிப்படைத் தத்துவத்தில் குறை காண்பது கடினம். பாடத்தை மறந்த மாணவனை ஆசிரியர் மன்னிக்கலாம். மறந்துபோன தண்ணீர்த் தொட்டியை ஆடு மன்னிக்காது. முதல் மழைக்குத் துளிர்த்த இளம்புல்லை வயிறு முட்ட மேயவிட்டால் துள்ளுமாரி வரும், காலையில் துள்ளிய குட்டி மாலைக்குள் மடியும் என்பதை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு, ஜாக்கிரதையைப் பற்றி வேறு உபதேசம் வேண்டியதில்லை. ஈனும் ஆட்டின் அருகே இரவெல்லாம் விழித்திருந்து, பிறந்த குட்டியின் மூக்கைத் துடைத்து, சீம்பால் குடிக்கத் தாயின் மடிக்கு அதைத் தூக்கிவிடும் கை, தன்னைவிட எளிய உயிரொன்று தன்னை நம்பியிருப்பதைப் புத்தகமில்லாமலே படித்துவிடுகிறது. இதில் நம் மலைச் சிறுவன் எவனுக்கும் இளைத்தவனல்லன். கணக்கு நோட்டு ஒன்றுதான் அவனிடம் இல்லை. அதை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை. எந்த ஆடு எந்தத் தழையை விரும்பும் என்று அறிந்தவன், அந்த ஆடு சந்தையில் என்ன விலைக்குப் போயிற்று என்பதை அறியாமலே வளர்கிறான்.

கோளாறு, கண்காட்சி மேடையில் தொடங்குகிறது. நடுவர் பார்ப்பது பிள்ளையின் சிரத்தையை அல்ல, பிராணியின் தசையை. தசையோ பணத்தாலும் விருத்தியாகும், மருந்தாலும் விருத்தியாகும். சங்கம் பிறந்த அதே ஒகையோவின் மாநிலக் கண்காட்சியில், 1994-இல், பரிசு பெற்ற கால்நடைகள் பலவற்றில் மோசடி நடந்திருந்தது அம்பலமாயிற்று. நேர்மையைப் பயிற்றுவதற்கென்று ஏற்பட்ட அரங்கிலேயே பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பித்தலாட்டத்தைப் போதித்த விபரீதம் இது.

இதைவிட நெஞ்சைத் தைப்பது 2022-இல் கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா பகுதியில் நடந்தது. தான் வளர்த்த ஆட்டை ஏலத்துக்கு விட மனமொப்பாமல் ஒன்பது வயதுப் பெண்ணொருத்தி அழுதாள், கண்காட்சியார் இசையவில்லை, ஆடு 902 டாலருக்கு ஏலம் போயிற்று. தாயார், நஷ்டத்தைத் தாமே ஈடுசெய்வதாகச் சொல்லி ஆட்டை அப்புறப்படுத்தியபோது, காவலர்கள் பல நூறு மைல் பயணம் செய்து அதைக் கைப்பற்றினர், அது கொல்லப்பட்டது. காவலர் தரப்பின்மேல் தொடுத்த வழக்கு 2024-இல் 3 லட்சம் டாலர் சமரசத்துக்கு வந்தது. உயிரை நேசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, நேசித்ததையே குற்றமாக்கினால் அதை எந்தக் கல்வியோடு சேர்ப்பது?

நம் ஊர்களில் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாவையும் பிள்ளைகளே வளர்க்கிறார்கள்; அது ஒருநாள் வெட்டுப்படும் என்பது முதல் நாளே வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒளிவுமறைவில்லாத அந்த அறிவு, ஏலக்காரனின் சுத்தியலைவிடக் கண்ணியமானது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அங்கேயும் பிள்ளையை ஒருவரும் கேட்பதில்லை என்பதை மறைப்பானேன்?

கேட்கப்படாமை, நம் மலைநாட்டு முறையின் ஆதிக்குறை. அங்கே பொறுப்பு உண்டு, உரிமை இல்லை. மேய்ச்சல் நீண்டு, பள்ளிக்கூடம் குறுகிவிடும் அபாயமும் உண்டு. பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் மட்டுமே குழந்தை குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 2016-இன் சட்டத் திருத்தம் கோடு கிழித்திருக்கிறது. ஆனால் ஆட்டின் பசிக்கு மணியடிப்பது யார்? கல்வியின் பெயரால் மேய்ச்சலைப் புகழ்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஆகவே மாலையும் மேடையும் இங்கே வேண்டாம். நோட்டும் உரிமையும் வரட்டும். கிராமங்களில் 'வாரத்துக்கு விடுதல்' என்னும் பழைய ஏற்பாடு இருக்கிறது: உடையவர் பெட்டை ஆட்டைக் கொடுப்பார், வளர்ப்பவர் பாடுபடுவார், ஈற்றுக் குட்டிகளில் இருவருக்கும் பங்கு. அந்த வாரம் பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும். நாமக்கல்லில் 1985 முதல் நடக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து, ஆட்டின் முதுகைத் தடவிப் பாராமல், குடற்புழு மருந்து கொடுத்த தேதியும் ஈன்ற தேதியும் எழுதியிருக்கிற நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். இரண்டாம் ஈற்றில் தன் பங்குக்கு வந்த குட்டியை விற்பதா, வளர்ப்பதா என்பதைத் தகப்பனார் அந்தப் பிள்ளையிடமே கேட்கட்டும். அவன் தப்பான பதிலே சொன்னாலும், அதன்படியே நடக்கட்டும்.