சுத்தியலை ஓங்குவது யார்?

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, மண் சரிந்தோ, சேற்றின் அழுத்தத்தால் சுவரோடு அப்பிக்கொண்டோ துளைக்குழாய் சிக்குவதுண்டு. அதை விடுவிக்கும் 'ஜார்' கருவியை எளிய விளக்கங்கள் பலவும் 'ஒருவகைச் சுத்தியல்' என்று சொல்லி முடித்துவிடுகின்றன. அத்தனை ஆழத்தில் சுத்தியலை ஓங்குவது யார்? அதற்கு விடையில்லை.

ஓங்குவது குழாயேதான். 3,000 மீட்டர் எஃகுக் குழாயில் சதுர மீட்டருக்கு 10 கோடி நியூட்டன் கூடுதல் தகைவு உண்டாகும்படி மேலிருந்து இழுப்பதாகக் கொள்ளுங்கள். எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 20,000 கோடி. வகுத்துப் பாருங்கள், குழாய் 1.5 மீட்டர் நீள்கிறது! இரும்பு ரப்பரான கதைதான். ஜாருக்குள் எண்ணெய் குறுகிய வழியில் கசிய, உள்தண்டு மெல்ல நகரும். அகன்ற பகுதியை எட்டியதும் தடை நீங்கி, நீண்ட குழாய் வெடுக்கெனச் சுருங்கும். மேலுள்ள கனத்த குழாய்கள் வேகம் பெற்று மோதும்போது, இழுவிசையைப்போல் பல மடங்கு விசை பிறக்கிறது.

சிக்கிய இடத்துக்குக் கீழே ஜார் இருந்தால் அது ஏன் பயன்படாது, வளைந்த கிணற்றில் உராய்வு ஏன் அடியை மழுக்குகிறது என்பவை இப்போது விளங்கும். சுத்தியல் உவமையோ 'இன்னும் பலமாக இழு' என்றே நினைக்கவைக்கும். அப்படி இழுத்தால் குழாய் அறுந்து கிணற்றிலேயே தங்கிவிடும்.

அதிர்வுக் கருவியையும் சுத்தியல் கணக்கில் சேர்ப்பது அடுத்த பிழை. அங்கே அடியே இல்லை. கிணற்றின் வாயில் மையம் விலகிய எடைகள் சுழன்று, குழாயை அதன் இயல்பு அதிர்வெண்ணில் ஆட்டுகின்றன. ஒத்ததிர்வால் வீச்சு பெருக, குழாயைக் கவ்விய மணல் பிடி தளர்கிறது.