அப்பாவுக்கு இந்தியா, மகனுக்கு இலங்கை

2011 ஏப்ரல் 2ஆம் திகதி இரவு, மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியா–இலங்கை உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி. ஹட்டன் பக்கத்து லயமொன்றில், நான் உட்கார்ந்திருந்த காம்பராவில் ஒரே ஒரு டிவி, அதன் முன்னால் இரண்டு கட்சி. மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103 எடுத்தபோது மகன் துள்ளினான். கம்பீரும் டோனியும் இலக்கை நெருங்க நெருங்க அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம நாட்டுக்காரன் ஜெயிக்கிறான், ஒனக்கு ஏன்டா மொகம் சுருங்குது?" என்றார். "எனக்கு நம்ம நாடுன்னா இதுதானேப்பா" என்றான் பையன். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

பிள்ளை தகப்பனின் அணியை விட்டு வேறு அணிக்குப் போவது எந்த ஊரிலும் நடப்பதுதான். மலையகத்தில் அதற்குப் பின்னால் குடியுரிமையின் கதை நிற்கிறது. அதனால்தான் அந்த மௌனம் அவ்வளவு கனத்தது.

அப்பாவின் நியாயத்தை முதலில் சொல்லவேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பங்கு போட்டது. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் கோத்தகிரியில், தம்பி கொட்டகலையில் என்று வீடுகள் உடைந்தன. தலைமன்னாரில் கப்பலேறிய சித்தப்பாவை மறுபடி பார்க்கவே கிடைக்காத ஒருவருக்கு, இந்தியா ஆடும் நாள் அந்தச் சித்தப்பாவும் தானும் ஒரே நேரத்தில் ஒரே பந்தைப் பார்க்கும் நாள். கடிதம் நின்றுபோன உறவை ஒரு கிரிக்கெட் அணி தாங்கிப் பிடித்திருக்கிறது. இதை நாட்டுப்பற்றில்லாமை என்று சொல்பவர் அந்தக் கப்பலை மறந்துவிட்டுப் பேசுகிறார்.

ஆனால் அந்த நினைவைப் பிள்ளையின் தலையில் கட்டாயமாக ஏற்றுவது வேறு காரியம். தொழிற்சங்கத்தையும் நாம் இப்படித்தான் கைமாற்றி வந்தோம். அப்பா எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினாரோ அதே சங்கம்தான் மகனுக்கும். ஏன் என்று கேட்டால் "நம்ம வீட்டுச் சங்கம்" என்பதே பதில். கேள்வி கேட்காமல் சேர்ந்த இடத்தில் பிறகும் கேள்வி கேட்க வாய் வருவதில்லை. சம்பளப் பேச்சு இழுபடும் ஒவ்வொரு முறையும் இதன் விலையைக் கொழுந்து பறிக்கிற பெண்கள்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பெண்களின் மகள்களிடம் எந்த அணி பிடிக்கும் என்று கேட்பதுகூட அரிது. போட்டி நடக்கும் வேளையில் அவர்கள் அடுப்படியில் இருப்பார்கள்.

மகனின் தேர்வுக்கு வருவோம். அவனுக்கு முன்னால் முத்தையா முரளிதரன் நின்றார். முரளியின் தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னாளில் திருச்சிக்கே திரும்பிப் போனார். முரளியின் தகப்பனார் இங்கேயே தங்கினார். ஒரே குடும்பத்தில் தகப்பன் ஒரு நாட்டையும் மகன் இன்னொரு நாட்டையும் தேர்ந்த அந்தப் பிரிவிலிருந்துதான் இந்த நாட்டின் மிகப் பெரிய பந்துவீச்சாளர் வந்தார். இதைவிட வலுவான காரணம் ஒரு லயத்துப் பையனுக்கு வேண்டியதில்லை.

இதிலும் குறை உண்டு. முரளியின் வீடு கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய வீடு. அவர் படித்தது புனித அந்தோனியார் கல்லூரி. டென்னிஸ் பந்தோடு தேயிலை மலைக்கு நடுவே சரிவில் ஆடுகிற பிள்ளைக்கு அந்தப் பாதை திறந்திருக்கவில்லை. தனக்கு வாசல் வைக்காத அணியின் மேல் அவன் முழு மனதையும் வைக்கிறான். அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து பயத்தில் செய்யும் தேர்வு. 1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், குடியேறிய தெற்காசியர் எந்த அணிக்குக் கை தட்டுகிறார்கள் என்பதை விசுவாசத்தின் சோதனையாக்கிப் பேசினார். நம்மிடம் அந்தச் சோதனையை யாரும் மேடையில் அறிவிக்கவில்லை. பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் அது நடந்துகொண்டே இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்ட பெற்றோர் "வெளிய சத்தம் போடாத" என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அந்தப் பயத்தில் இலங்கைக் கொடியைத் தூக்குகிற பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஒளிந்துகொள்கிறான்.

தேர்வையும் ஒளிதலையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. யார் காதில் விழும்படி சொல்கிறான் என்று பார்க்கவேண்டும். அன்றிரவு அந்தப் பையன் கடைத்தெருவில் நின்று சொல்லவில்லை. வெளியாள் என்று நான் ஒருவன் மட்டும் இருந்த காம்பராவில், தகப்பன் முகம் வாடும் என்று தெரிந்தும் சொன்னான். அதில் அவனுக்கு எந்த இலாபமும் இல்லை. ஆகவே அது உண்மையான தேர்வு. தகப்பன் அதை மதித்திருக்கவேண்டும் என்பதே என் தீர்ப்பு. மகனும் அந்தக் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிறகு ஒரு நாள் அவனிடம் 2010 ஜூலையைப் பற்றி விசாரித்தேன். காலியில், தன் கடைசி டெஸ்ட்டில், இந்தியாவின் ஓஜாவை வீழ்த்தி முரளி 800ஆவது விக்கெட்டை எடுத்த நாள். அன்று மாலை வேலை விட்டு வந்து செய்தியில் அதைப் பார்த்த அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். எழுந்து இஸ்தோப்புக்குப் போய், பக்கத்துக் காம்பராக்காரரைக் கூப்பிட்டு, "நம்ம பய எடுத்துட்டான்யா" என்றாராம்.