வலது ஷூ மட்டும் ஏன் கிழிகிறது?

அமெரிக்காவில் சாஃப்ட்பால் ஆடும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் ஷூக்களை எடுத்துப் பார்த்தால், அவள் பிட்சரா (பந்து வீசுபவளா) இல்லையா என்பதை யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம். வலக்கை பிட்சர் என்றால் இடது ஷூ வாங்கியபோது இருந்த மெருகு குறையாமல் இருக்கும். வலது ஷூவின் முனையில், பெருவிரலுக்கு நேர் மேலே, வலைத்துணி பிய்ந்திருக்கும். அதற்கு அடியில் இருக்கும் மெல்லிய பஞ்சும் தேய்ந்து, உள்ளே சாக்ஸ் தெரியும். இன்னும் சில பயிற்சிகள் போனால் சாக்ஸிலும் ஓட்டை விழும். அதற்குப் பிறகு மண்ணில் உரசுவது நகம்தான்.

பெற்றோர் பலர் இதைத் தரமில்லாத ஷூ என்று திட்டிவிட்டு அதே ஷூவை மறுபடி வாங்குகிறார்கள். சிலர் மகளைத் திட்டுகிறார்கள். இரண்டுமே நியாயமில்லை. கால் இழுபடுவது அந்தப் பந்துவீச்சின் ஓர் அங்கம்.

சாஃப்ட்பால் பிட்சர் கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுகிறாள். வலக்கைக்காரி வலது காலால், தரையில் பதித்த பிட்சிங் ரப்பர் பட்டையை உந்தித் தள்ளி, இடது காலை நீள எட்டி வைக்கிறாள். உந்திய வலது கால் அங்கேயே நின்றுவிடாது. குதிகால் மேலே எழும்ப, பெருவிரல் முனை மட்டும் மண்ணைத் தொட்டபடி உடலோடு சேர்ந்து முன்னால் வரும். களிமண்ணும் மணலும் கலந்த உள்களத்தில் அது ஒரு கோடு போட்டுக்கொண்டே வரும். ஓர் ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ். சுமார் 100 பந்து என்று வைத்துக்கொண்டால், அத்தனை முறையும் அதே விரல், அதே இடம். ஆட்டத்துக்கு முன் வீசும் பயிற்சிப் பந்துகள் தனி. வார இறுதிப் போட்டிகளில் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடும் சிறுமிகளும் உண்டு.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உயேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசினார். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவை வீழ்த்தி ஜப்பான் தங்கம் வென்றது. அந்த 413-ஐப் பற்றிப் பேசும் எல்லோரும் அவருடைய தோளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய பின்காலும் நினைவுக்கு வருகிறது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்தக் கால் இழுப்பு புதிதல்ல. 1950-களில் நோ-பால் பின்காலை வைத்தே கணிக்கப்பட்டது. அதனால் ஆஸ்திரேலியாவின் கார்டன் ரோர்க் போன்ற உயரமான வேகப்பந்து வீச்சாளர்கள் பின்காலை நெடுந்தூரம் இழுத்துக்கொண்டே வந்து, பேட்ஸ்மேனுக்கு மிக நெருக்கத்தில் பந்தை விட்டார்கள். அந்தத் தொல்லை தாங்காமல்தான் 1960-களில் முன்கால் விதி வந்தது. கிரிக்கெட் தடுக்கப் பார்த்ததைப் பெண்கள் சாஃப்ட்பால் நேர்மாறாகக் கட்டாயமாக்கியது. ஆண்கள் இரண்டு காலும் காற்றில் எழும்பும்படி தாவி வீசலாம். பெண்களின் உந்தும் கால் மட்டும் தரையைவிட்டு எழக் கூடாது, இழுபட்டே வர வேண்டும் என்று இருந்தது. அப்போதெல்லாம் எழுந்தால் நடுவர் கை நீட்டிவிடுவார், பேட்டருக்குச் சாதகமாக ஒரு ‘பால்’ கணக்கில் ஏறும். சமீப ஆண்டுகளில் அமெரிக்கப் பள்ளி, கல்லூரி விதிகள் தளர்ந்து, பெண்களும் தாவலாம் என்று ஆகியிருக்கிறது. தாவிய கால் மறுபடி ஊன்றி இரண்டாவது முறை உந்துவதுதான் இன்னும் குற்றம். ஆனால் பத்து, பன்னிரண்டு வயதில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்றும் விரலை இழுத்துத்தான் வீசுகிறார்கள். சமநிலைக்கு அதுதான் நல்லது என்று பயிற்சியாளர்களும் சொல்லித் தருகிறார்கள்.

இவ்வளவு காலம் கால் தரையில் இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்ட ஆட்டத்தில், சிறுமிகளுக்கு விற்கப்படும் ஷூ மட்டும் ஏன் முனையில் வலைத்துணியோடு வருகிறது? இந்தக் கேள்விக்கு ஷூ நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டும். ஓடுவதற்கு லேசாக இருக்கட்டும் என்று செய்யப்படும் ஷூ அது. பேஸ் ஓடுகிறவளுக்கும் அவுட்ஃபீல்டில் நிற்கிறவளுக்கும் சரி. பிட்சருக்குச் சரியில்லை. ரிங்கர் நிறுவனம் முனையில் கவசம் வைத்த பிட்சர் ஷூக்களை விற்றது. மிசுனோ நிறுவனம், அமெரிக்க பிட்சர் ஜென்னி ஃபின்ச் பெயரிலேயே ஒரு வரிசை கொண்டுவந்தது. ஆனால் கடை அலமாரியில் சிறுமிகளின் அளவைத் தேடும்போது தெரிவு சுருங்கிவிடுகிறது. ஒரு ஷூ மட்டும் கிழிந்தாலும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்பது இன்னொரு செலவு.

உலோக முள் வைத்த ஷூ வாங்கினால் உழைக்கும் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, லிட்டில் லீக் அமைப்பின் சிறுமியர் சாஃப்ட்பாலில் ஜூனியர் பிரிவுக்குக் கீழே உலோக முள்ளுக்கு அனுமதியே இல்லை. அதைவிட முக்கியம், முள் இருப்பது அடியில், தேய்வது மேல்பாகம். அடி எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. பார்க்க வேண்டியது முனையைத்தான். அடிப்பாகத்து ரப்பர் முன்னால் மடிந்து ஏறி விரலைச் சுற்றி வருகிறதா, முனையில் தையல் ஓடுகிறதா என்று தடவிப் பாருங்கள். பெருவிரல் மேல் தையல் வந்தால் அந்த நூல்தான் முதலில் அறும். வலைத்துணியைவிடத் தோலோ கெட்டியான செயற்கைத் தோலோ மேல்.

ஆனால் கடைக்குப் போகும் முன் பழைய ஷூவை ஒரு முறை படித்துவிட வேண்டும். தேய்மானம் பெருவிரல் நுனியிலும் அதன் உட்புறத்திலும் இருந்தால் கவலையில்லை, அது வீசுகிறவளின் இயல்பான தேய்மானம். உட்பக்கம் முழுக்க, பாதத்தின் வளைவு வரைக்கும் தேய்ந்திருந்தால், கால் பக்கவாட்டில் படுத்து பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். எடை பின்னாலேயே தங்கிவிடுகிறது, இடுப்பு முன்னால் வரவில்லை. லேஸ் கட்டும் இடத்தில் தேய்ந்திருந்தால் பாதம் கவிழ்ந்து இழுபடுகிறது. இந்த இரண்டையும் எந்த ஷூவும் சரிசெய்யாது, பயிற்சியாளர்தான் சரிசெய்ய வேண்டும். மண்ணிலும் இதைப் பார்க்கலாம். நல்ல இழுப்பு மெல்லிய கோடாக இருக்கும். பள்ளம் பறித்திருந்தால் காலில் பாரம் அதிகம், வேகம் அங்கேதான் வீணாகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது: ஷூவின் கிழிசல் வீச்சைக் கெடுக்கிறது. ஷூ ஓட்டையாகி விரல் எரிய ஆரம்பித்ததும் பிள்ளை தன்னை அறியாமல் காலைச் சீக்கிரம் தூக்கிவிடுகிறாள், அல்லது பக்கவாட்டில் திருப்பிவிடுகிறாள். பந்து மேலே போகிறது. “இன்னைக்கு என்ன ஆச்சு உனக்கு?” என்று வேலிக்கு வெளியிலிருந்து அப்பா கத்துகிறார். ஆனது ஷூவுக்கு.

கவசங்களைப் பற்றி என் கருத்து. முனையில் ஊற்றிக் காயவைக்கும் பாலியூரித்தேன் பூச்சு, டஃப் டோ என்ற பெயரில் கிடைப்பது போன்றவை, சிறுமிகளுக்கு முதல் தேர்வு. ஷூ முனையை உப்புத்தாளால் தேய்த்து, சுற்றிலும் டேப் ஒட்டி அணை கட்டி, ஊற்றி, ஒரு நாள் காயவிட வேண்டும். ஷூ புதிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும், கிழிந்த பிறகு பூசினால் பிடிமானம் இருக்காது. பூச்சின் விளிம்பு மேடாக நிற்காமல் சரிந்து முடிய வேண்டும். தடித்த விளிம்பு மண்ணில் தட்டினால் கால் நடுவழியில் நின்றுவிடும். திருகு போட்டு இறுக்கும் தோல் தகடு பழைய முறை, உழைக்கும். ஆனால் சின்ன ஷூவின் மெல்லிய அடியில் திருகின் முனை உள்ளே எட்டிப் பார்க்கிறதா என்று விரல் விட்டுச் சோதிக்காமல் அணிவிக்காதீர்கள். மேலே மாட்டும் உறை பயிற்சிக்குப் போதும், ஆட்டத்தில் நகர்ந்துவிடும். டக்ட் டேப் ஒரு பயிற்சி தாண்டினால் அதிசயம்.

குளிர்காலத்தில் உள்ளரங்கச் செயற்கைப் புல்லிலும் ரப்பர் விரிப்பிலும் வீசும் பந்துகள்தான் ஷூவை அதிகம் தின்கின்றன. மண் கொஞ்சமாவது வழிவிடும், விரிப்பு விடாது. அங்கே போக மலிவான டர்ஃப் ஷூ ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் ஆட்டத்துக்கான ஷூ பிழைக்கும்.

வளரும் கால்தானே, இரண்டு வருஷம் வரட்டும் என்று பெரிய அளவு மட்டும் வாங்காதீர்கள். முனையில் காலி இடம் இருந்தால் ஷூ மடிந்து, மடிப்பிலேயே கிழியும், உள்ளே பாதமும் வழுக்கும். இந்த வயதில் ஒரு ஷூ ஒரு சீசன் உழைத்தால் போதும், அடுத்த சீசனுக்கு எப்படியும் கால் வளர்ந்துவிடும். அளவு சரியான, முனை கெட்டியான, நடுத்தர விலை ஷூவை வாங்கி, அவள் அதை அணிந்து முதல் பந்து வீசுவதற்கு முன்பே பூச்சைப் பூசிவிடுங்கள்.